கொப்புளத்துக்குக் காரணம் யார்

1

இந்தக் கதை எனக்குச் சுவர் வழியாக வந்தது. அஸ்தினாபுரத்தில் எங்கள் வீட்டுக்கும் ஞானசௌந்தரி டீச்சர் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். இந்தப் பக்கம் ஆணி அடித்தால் அந்தப் பக்கமும் படம் மாட்டலாம் என்பார் என் கணவர். டீச்சர் பாடுவது அந்தச் சுவர் வழியாகத் தினமும் கேட்கும். அறுபத்தெட்டு டிசம்பரில் ஒரு திங்கட்கிழமை காலை, அவர் அழுவது கேட்டது. வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுதாலும் காட்டிக்கொடுத்துவிடும் சுவர் அது. அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன்.

நான் அபிதகுஜாம்பாள். கதை எழுதுகிறவள். இதை நாலு வருஷமாக எழுதுகிறேன், முடியவில்லை. ஒரு பத்திரிகை ஆசிரியரிடம் கொடுத்தேன். படித்துவிட்டுத் திருப்பி நீட்டினார். "கதை நன்னாத்தான் இருக்கு. ஆனா அந்த அம்மாவுக்குக் காதுல கொப்புளம் எதனால வந்ததுன்னு கடைசி வரைக்கும் சொல்லலையே. வாசகாள் கேக்க மாட்டாளா?"

கேட்பீர்கள்தான். ஆகவே வீட்டுக்கு வந்து புதிதாகத் தொடங்கினேன்:

ஞானசௌந்தரியின் செவிப்பறையில் கொப்புளம் வந்ததற்குக் காரணம்

அதோடு பேனா நின்றுவிட்டது. அந்த வரியை அடிக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன். பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

2

டீச்சர் தரையில் சாய்ந்து, இரண்டு உள்ளங்கைகளாலும் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டிருந்தார். அவர் கணவர் ஏசுதாசன், ரயில்வேயில் குமாஸ்தா, கையில் சூடான வெந்நீர்ப் பையுடன் எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

"ரெண்டு நாளா ஜுரம், இருமல். ராத்திரி ஒரு காதுல பிடிச்சது மாமி. விடியறதுக்குள்ள ரெண்டு காதும் போச்சு. ஆணி வச்சுக் குத்தற மாதிரி இருக்கு," என்றார் டீச்சர்.

"சித்த இருங்கோ. எண்ணெய் காய்ச்சிண்டு வரேன்," என்றேன். பூண்டு தட்டிப் போட்டு நல்லெண்ணெய் காய்ச்சி, பொறுக்கும் சூட்டில் இரண்டு காதிலும் சொட்டுச் சொட்டாக விட்டேன்.

[இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். எண்ணெய் வலிக்குப் பின்னால் வந்தது. பின்னால் வந்தது முன்னால் வந்ததற்குக் காரணமாக முடியாது. காலனியில் சில பேர் அந்த எண்ணெயைப் பற்றி வேறு விதமாகப் பேசினார்கள் என்பது எனக்குத் தெரியும். கதை எழுதுவது நான். அவர்கள் இல்லை.]

அவர் ஏன் அழுதார் என்பதைச் சொல்லவில்லையே. வலி ஒரு பக்கம். அந்தச் சனிக்கிழமை தாம்பரத்தில் கிறிஸ்தவ சபைகளுக்கிடையே பாட்டுப் போட்டி. அதுதான் பெரிய பக்கம்.

டீச்சருடைய சபை சின்னது. குரோம்பேட்டைப் பக்கம், ஓலை போய் ஓடு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்த கோயில். ஆர்மோனியப் பெட்டி எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் எல்லோரும் ஒரே குரலில் போவார்கள். டீச்சர் வந்து, பாடகர் குழுவைக் கையில் எடுத்து, டோ ரே மீ எழுத்துக்களைக் கரும்பலகையில் எழுதி, நாலு குரலாகப் பிரித்துப் பாட வைத்தார். பெண்ணொருத்தி குழுவின் முன்னால் நின்று கையசைப்பது அந்தச் சபைக்குப் புதிது. பொறுத்துக்கொண்டார்கள். போட்டிக்குப் பெயர் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

போட்டியில் வாத்தியம் கூடாது. குழுவை நடத்துகிறவர் இசைக்கவையை முழங்காலில் தட்டிக் காதருகே பிடிப்பார். இரண்டு கால் உள்ள அந்தச் சின்ன எஃகுக் கம்பி அவருக்கு மட்டும் கேட்கும்படி முனகும். அதைப் பிடித்து அவர் மெல்ல முனகிக் காட்ட, குழு எடுத்துக்கொள்ளும். தொடங்கும் ஸ்வரம் தப்பினால் பாட்டு முழுக்கத் தப்பு.

காது வேண்டும், அவ்வளவுதான். அந்த வாரம் டீச்சரிடம் இல்லாதது அது ஒன்றுதான்.

3

சைக்கிள் ரிக்‌ஷாவில் தாம்பரத்துக்கு அழைத்துப் போனேன். ரிக்‌ஷாக்காரர் துரை ஜி.எஸ்.டி. ரோடு ஏறும்வரை பொறுத்தார், அப்புறம் திரும்பினார்.

"இன்னாம்மா, டீச்சரம்மாக்கு காதுல இன்னா?"

"வலி."

"பூச்சி பூந்துகினு கீதும்மா. மழக்காலம் பாரு. உப்புத் தண்ணி வுடு, தானா வந்துடும்."

பூச்சி நல்ல காரணம். சின்னது, உயிருள்ளது, வெளியே எடுத்துக் காட்டலாம். துரைக்கு அன்றே ஒரு கதை கிடைத்துவிட்டது, எனக்குத்தான் கிடைக்கவில்லை.

காலனியும் சும்மா இருக்கவில்லை. மின்சார ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்த காற்று என்றார் ஒருவர். தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு பள்ளிக்கூடம் போனது என்றாள் எதிர்வீட்டுக் காமு. கொண்டை ஊசியால் காது குடைந்தது, குரோம்பேட்டைத் தோல் பதனிடும் தொட்டிகளின் நாற்றம், போட்டிச் சபையார் கண்ணேறு. இதில் எதை எடுத்தாலும் ஒரு கதை வரும். கண்ணேறை எடுத்து இரண்டு பக்கம் எழுதியும் பார்த்தேன்:

போட்டிச் சபைக்காரியின் கண் டீச்சரின் காதிலேயே நிலைத்து நின்றது. அவள்

அவளுக்கு வேறு வேலை இருந்திருக்கும். அடித்துவிட்டேன்.

4

டாக்டர் ஸ்ரீநிவாசராகவன் காது, மூக்கு, தொண்டைக்காரர். நெற்றியில் வட்டக் கண்ணாடியைக் கட்டிக்கொண்டு டீச்சரின் காதுக்குள் பார்த்தார். முதலில் பஞ்சால் துடைத்தார். "யார் எண்ணெய் விட்டது?" என்று கேட்டார். நான் ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"செவிப்பறை மேல கொப்புளம். ரெண்டு காதுலயும் இருக்கு. சுட்டுண்டா தோல்ல நீர் கோத்துக்குமே, அந்த மாதிரி. அதான் இந்த வலி." மெல்லிய கத்தி ஒன்றால் அவற்றைத் தொட்டு உடைத்தார். டீச்சர் என் கையைப் பிடித்த பிடியில் என் வளையல் இரண்டு நொறுங்கின. கொஞ்ச நேரத்தில் முகம் தெளிந்தது.

"எதனால வந்தது டாக்டர்?" என்றேன். எழுதுகிறவள் கேட்காமல் இருப்பாளா?

அவர் ஊசிக்கு மருந்து இழுத்துக்கொண்டே சொன்னார். "ஊரெல்லாம் ஹாங்காங் ஜுரம் சுத்திண்டிருக்கு. அந்த வைரஸா இருக்கலாம். சாதாரணமா காதுல சீழ் பிடிக்க வைக்கிற பாக்டீரியாவா இருக்கலாம். மைக்கோபிளாஸ்மான்னு நடுவாந்தரமா ஒரு கிருமி இருக்கு. அமெரிக்காவுல சில பேருக்கு அதைக் குடுத்துப் பார்த்ததுல காதுல கொப்புளம் வந்துதாம். அதுவாவும் இருக்கலாம்."

"இதுல எது?"

"தெரியாது. தெரிஞ்சாலும் இப்ப குடுக்கற மருந்து மாறாது."

வாசகரே, இப்படிப்பட்ட டாக்டரை வைத்துக்கொண்டு எப்படிக் கதை எழுதுவது? கண்ணுக்குத் தெரியாத மூன்று பேர், மூன்றுக்கும் முகம் கிடையாது, வசனம் கிடையாது, டீச்சரோடு பகை கிடையாது. வில்லன் வேண்டும் என்று கேட்டால் கிருமியைக் காட்டுகிறார்.

"வலி போயிடும். உள்ளே நீர் கோத்திருக்கு. காது தெளிய ரெண்டு மூணு வாரம் ஆகலாம்," என்றார் டாக்டர்.

டீச்சருக்குச் சரியாகக் கேட்கவில்லை. நான் உரக்கத் திருப்பிச் சொன்னேன். அவர் சனிக்கிழமை வரை விரல் விட்டு எண்ணினார்.

5

[இந்தப் பகுதியை நீங்கள் தாண்டிப் போகலாம். ஆனால் போகமாட்டீர்கள்.]

இந்தக் கதையை மூன்றாவது தடவை எழுதியபோது ஒரு குறுக்கு வழி பிடித்தேன். பெண்ணுக்குக் காதில் அடி என்றால் நம் கதைகளில் காரணம் கணவனின் கைதான். எழுதினேன்:

ஏசுதாசனின் உள்ளங்கை அவள் கன்னத்தில் இறங்கியது. அந்த அறையில்

சூடாக வந்தது. எனக்கே பிடித்திருந்தது. டீச்சரிடம் படிக்கக் கொடுத்தேன். மறுநாள் காலை ஏசுதாசன் பாதி முகத்தில் சவர நுரையோடு எங்கள் வாசலில் நின்றார்.

"மாமி, நான் எப்ப மாமி அறைஞ்சேன்?"

"கதைக்காக, சார்."

"கதைக்கு வேற ஆள் கிடைக்கலையா? ஆபீஸ்ல படிச்சா என்ன நினைப்பாங்க? அவளுக்கு வெந்நீர்ப் பை பிடிச்சவன் நான்."

பின்னால் டீச்சர் சிரிக்கும் சத்தம் கேட்டது. "என்னை அறைய இவருக்குத் தைரியம் வேணுமே மாமி."

டாக்டரையும் கேட்டு வைத்தேன். "அறைஞ்சா செவிப்பறை கிழியும். கொப்புளிக்காது," என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். விஞ்ஞானமும் ஏசுதாசன் பக்கம். அந்தப் பக்கங்களைக் கிழித்து அடுப்பில் போட்டேன். மனிதர் நல்லவராக இருப்பது எழுத்தாளருக்குப் பெரிய தொந்தரவு.

6

புதன்கிழமை பயிற்சிக்கு டீச்சர் போனார். நானும் துணைக்குப் போனேன். அவர்கள் தங்கள் போதகரையும் ஐயர் என்றுதான் அழைப்பார்கள். எனவே அந்தக் கோயிலில் எனக்கு அன்னியம் தோன்றியதே இல்லை.

டீச்சர் கவையை முழங்காலில் தட்டினார். வலது காதில் பிடித்தார். இடது காதில் பிடித்தார். மறுபடி தட்டினார். குழு முழுக்க அவரைப் பார்த்தது. கடைசியில் எதையோ முனகினார். அது பாட்டின் ஸ்வரம் இல்லை என்பது கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்த எனக்கே தெரிந்தது. பெண்கள் குரல் உச்சியில் போய்ப் பிளந்தது. டீச்சர் கையை இறக்கினார்.

"பாடினா கேக்குது. போர்வைக்கு அந்தப் பக்கம் பாடற மாதிரி, ஆனா கேக்குது. ஃபோர்க்தான் கேக்கல," என்றார். தன் குரல் மட்டும் தனக்குப் பானைக்குள்ளிருந்து வருவதுபோல் பெரிதாகக் கேட்டதால் மிக மெதுவாகச் சொன்னார். பின் வரிசைக்கு எட்டவில்லை.

சபைச் செயலாளர் லாசரஸ் அடிக்குரல் வரிசையிலிருந்து முன்னால் வந்தார். வெள்ளை முழுக்கைச் சட்டை, கனத்த உடம்பு, கனத்த குரல். கெட்டவர் இல்லை. கெட்டவராக எழுத எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தாலும் கெட்டவர் இல்லை.

"டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. காது கேக்காதவங்க கையில குழுவைக் குடுத்தா சபை பேர் கெட்டுப்போகும். சனிக்கிழமை நான் நடத்தறேன். உங்களுக்குச் சுகமானதும் பாத்துக்கலாம்."

"சுகமானதும் பாக்கறதுன்னா?"

"பாக்கலாம்."

அந்தப் 'பாக்கலாம்' என்ன என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். ஒருமுறை கை மாறினால் திரும்ப வராது. டீச்சர் கரும்பலகையைப் பார்த்தார். டோ ரே மீ அவர் கையெழுத்தில் இருந்தது.

"சனிக்கிழமை நான் வருவேன் சார். சுருதி தப்பினா நீங்க முன்னால வந்து நில்லுங்க. அத்தனை சபையும் பாக்கட்டும். நான் ஓரமா போயிடறேன்."

லாசரஸ் சற்று யோசித்து, சரி என்றார். பிறகு இருமினார்.

7

அந்த இருமலைக் கவனித்தீர்களா? நான் நாலு வருஷமாகக் கவனித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த மாதம் குழுவில் முதன்முதலில் இருமியது லாசரஸ்தான். அடிக்குரல் வரிசையிலிருந்து நடுக்குரல், அங்கிருந்து பெண்கள், அங்கிருந்து முன்னால் நிற்கும் டீச்சர் என்று வரிசையாகப் போனது. அழகான கதை. டீச்சரைப் பதவியிலிருந்து இறக்கப் பார்த்தவரே அவர் காதைக் கெடுத்தவர். ஆசிரியர் கண்ணை மூடிக்கொண்டு அச்சுக்கு அனுப்புவார்.

ஆனால் லாசரஸுக்கு யார் கொடுத்தது? ரயிலில் பக்கத்தில் நின்றவர். அவருக்கு? இப்படியே போனால் தாம்பரம் முதல் பீச் வரை எல்லோரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டும். அதோடு, அதே இருமல் வாங்கிய மற்றவர்களுக்கு ஏன் கொப்புளம் வரவில்லை? டாக்டரிடம் கேட்டால் மறுபடி "இருக்கலாம்" என்பார்.

வேண்டாம். கதை வெள்ளிக்கிழமைக்குப் போகட்டும்.

8

வெள்ளிக்கிழமை காலை டாக்டர் மறுபடி காதைப் பார்த்தார். கொப்புளம் வற்றிக்கொண்டிருந்தது. மேஜை இழுப்பறையைத் திறந்து, டீச்சரிடம் இருப்பதைவிடப் பெரிய இசைக்கவை ஒன்றை எடுத்தார். அதைப் பார்த்ததும் டீச்சர் முகம் வாடிவிட்டது. டாக்டர் அதைத் தட்டிக் காதருகே பிடித்தார். டீச்சர் கேட்கவில்லை என்று தலையாட்டினார்.

அப்புறம் அதைத் தட்டி, அடிக்காம்பை டீச்சரின் நெற்றி நடுவில், பொட்டு வைக்கும் இடத்தில் ஊன்றினார்.

டீச்சர் கண் விரிந்தது. நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க கேக்கறது?"

"தலைக்குள்ள. நடுவுல. மணி மாதிரி கேக்குது டாக்டர்."

"எலும்பு வழியாப் போறது. வெளி வாசல் அடைச்சிருந்தா இந்த வழி இன்னும் பலமாக் கேக்கும். நரம்பு நன்னா இருக்குன்னு அர்த்தம். காது முழுசாத் திரும்பிடும், கவலைப்படாதீங்கோ."

டீச்சருக்கு அதில் பாதிதான் கேட்டிருக்கும். அவர் வேறு எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் வழிந்தது, உதடு சிரித்தது. "இன்னொரு தடவை வையுங்க டாக்டர்," என்றார். வைத்தார். டீச்சர் வாய்க்குள் முனகினார். "இது டோ. எங்க ஃபோர்க்கைவிடக் கொஞ்சம் இறங்கின டோ."

டாக்டர் கவையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத்தனை வருஷமா இதைப் பாட்டுன்னு நான் நினைச்சதே இல்லை," என்று சிரித்தார்.

[இது கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. எலும்பு வழியாக ஒலி போகும் என்பது உலகத்துக்குத் தெரிந்த சங்கதி. எங்கள் பேட்டையில் யாருக்கும் தேவைப்பட்டதில்லை, அவ்வளவுதான்.]

வாசலில் வந்ததும் டீச்சர் பையிலிருந்து தன் கவையை எடுத்தார். நடுத் தெருவில், தாம்பரம் மார்க்கெட் கூட்டத்தில், முழங்காலில் தட்டி நெற்றியில் வைத்துக்கொண்டார். துரை ரிக்‌ஷாவிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"பூச்சி வந்துச்சாம்மா?"

"வந்துடுச்சு துரை," என்றார் டீச்சர்.

9

சனிக்கிழமை. தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக் கூடம், ஆஸ்பெஸ்டாஸ் கூரை. நான் கடைசி வரிசை.

இந்த இடத்துக்கு மூன்று முடிவு எழுதினேன். ஒன்றில் சுருதி தப்பி லாசரஸ் முன்னால் வருகிறார். அது சோகம், பரிசு வாங்கும். இன்னொன்றில் மேடை ஏறியதும் டீச்சரின் காது பட்டென்று திறந்துகொள்கிறது. அது அற்புதம், கண்ணீர் வாங்கும். இரண்டையும் டீச்சரிடம் படித்துக் காட்டினேன். இரண்டாவதுக்கு அவர் கோபப்பட்டார். "காது திறந்ததுன்னு எழுதாதீங்க மாமி. அடைச்ச காதோடதான் நான் நின்னேன்." ஆகவே மூன்றாவதை எழுதுகிறேன். நடந்தது அதுதான்.

முதல் சபை மேடையில் ஏறும்போது மழை பிடித்தது. கூரை மேல் சரளைக் கல்லைக் கொட்டினாற்போல். அவர்கள் தலைவர் கவையைத் தட்டிக் காதில் வைத்தார், முகம் சுளித்தார், மறுபடி தட்டினார், ஒரு உத்தேசத்தில் எடுத்தார். சுருதி மேலே போய்விட்டது. பெண்கள் உச்சிக்கு எட்ட முடியாமல் கழுத்தை நீட்டினார்கள். இரண்டாவது சபைக்காரர் ஜாக்கிரதையாகக் கீழே எடுத்தார். அடிக்குரல்காரர்கள் வாயசைத்தார்கள், சத்தம் பூமிக்குள் போய்விட்டது. பாட்டு முடிந்ததும் சுருதி நிற்கிறதா என்று பார்க்க நடுவர் தன் கவையைத் தட்டுவது வழக்கம். தட்டினார். மேஜைக்கடியில் குனிந்தெல்லாம் கேட்டுப் பார்த்தார். கையை விரித்தார்.

மழை நல்ல காதுள்ள எல்லோரையும் செவிடாக்கியிருந்தது.

எங்கள் சபை ஏறியது. ஆம், எங்கள் சபை. அன்றைக்கு ஒரு நாள் நான் அப்படிச் சொல்லிக்கொள்கிறேன். லாசரஸ் அடிக்குரல் வரிசையின் ஓரத்தில், முன்னால் வர வசதியாக நின்றார். டீச்சர் கவையை முழங்காலில் தட்டினார். நெற்றியில் வைத்தார்.

கூடத்தில் சிரிப்பு ஓடியது. முன் வரிசையில் யாரோ, "ஜெபம் பண்றாங்களா?" என்றார். லாசரஸ் தன் செருப்பைப் பார்த்தார். டீச்சர் கண்ணை மூடியிருந்தார். மழை அவருக்குப் போர்வைக்கு அந்தப் பக்கம். மண்டைக்குள் எஃகு பாடியது.

முனகினார். பெண்களின் உச்சக்குரல் சோப்ரானோ எடுத்தது, அவர்களின் தாழ்குரல் ஆல்டோ கீழே உட்கார்ந்தது, நடுக்குரல் டெனர் சேர்ந்தது, கடைசியில் லாசரஸின் அடிக்குரல் தரையிலிருந்து எழுந்து மூன்றையும் தூக்கியது. நாலும் பூட்டிக்கொண்டன. ராகம் வேறு, சாமி வேறு, எனக்கு அழுகை வந்துவிட்டது. மழை இன்னும் வலுத்தது, அவர்கள் அதற்கு மேலே நின்று பாடினார்கள்.

கடைசி ஒலியில் நடுவர் எழுந்து, அதையே விடாமல் பிடித்திருங்கள் என்று கையசைத்தார். குழு பிடித்துக்கொண்டு நின்றது. அவர் தன் கவையைத் தட்டினார். காதுக்குக் கொண்டு போனார். பாதியில் நின்றார். டீச்சரைப் பார்த்தார். பிறகு, நரைத்த தலையும் கறுப்புக் கோட்டுமாக அத்தனை பெரிய மனிதர், கவையைத் தன் நெற்றியில் ஊன்றி, இன்னொரு கை விரலால் காதை அடைத்துக்கொண்டார்.

சுருதி ஒரு மயிரிழை கூட இறங்கவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. சிரித்துவிட்டார். கூடம் முழுவதும் கைதட்டியது. கைதட்டல் மழையை மீறியதை நான் அன்றுதான் கேட்டேன்.

இரண்டாவது பாட்டு பாக்கி. லாசரஸ் டீச்சர் பக்கம் குனிந்து ஏதோ சொன்னார். டீச்சர் காதைக் காட்டி, கேட்கவில்லை என்று சைகை செய்தார். லாசரஸ் மூச்சை இழுத்து, தன் அடிக்குரல் அத்தனையும் திரட்டி, தாம்பரத்துக்கே கேட்கும்படி சொன்னார்:

"டீச்சர், அடுத்த பாட்டுக்கும் நீங்கதான் சுருதி குடுக்கணும். எப்பவும் நீங்கதான்."

10

பரிசு யாருக்கு என்று எழுதமாட்டேன். ஆசிரியர் கேட்டாலும் மாட்டேன்.

திரும்பி வரும்போது மின்சார ரயிலில் டீச்சர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். ஈரக்காற்று முகத்தில் அடித்தது. "காது டீச்சர், காது," என்றேன். அவர் ஜன்னலை இறக்கவில்லை. ஏசுதாசன் எதிரே கவையைக் கைக்குட்டையில் சுற்றி, கண்ணாடிச் சாமான்போல மடியில் வைத்திருந்தார்.

"லாசரஸ் சார் முதல்ல என்ன சொன்னார்னு கேட்கவே இல்லையா உங்களுக்கு?" என்று டீச்சரின் காதருகே உரக்கக் கேட்டேன்.

"உதட்டைப் பாத்தேன் மாமி. முதல் தடவையே புரிஞ்சுடுச்சு." டீச்சர் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். "எல்லாரும் கேக்கட்டும்னு இருந்துச்சு."

என் கதை இதுதான். இனி உங்கள் பங்கு. வழக்கமாக எங்களைப் போன்றவர்கள் முடிவை உங்களிடம் தள்ளிவிட்டுப் போவோம். இதில் முடிவைத் தொடாதீர்கள், அது டீச்சருடையது. முதல் வரி மட்டும் காலியாக இருக்கிறது. வைரஸ், பாக்டீரியா, நடுவாந்தரக் கிருமி, காற்று, பூச்சி, லாசரஸ், எது பிடித்திருக்கிறதோ அதை எழுதிக்கொள்ளுங்கள். இடம் விட்டிருக்கிறேன்:

ஞானசௌந்தரியின் செவிப்பறையில் கொப்புளம் வந்ததற்குக் காரணம்

எண்ணெய் என்று மட்டும் எழுதாதீர்கள்.